டிப்ளமோ படம் யாருடையது?

திரைப்படப் பள்ளிகளில் மாணவர் படங்கள் திரையிடப்படும் மாலைகளில் ஓர் உரையாடல் தவறாமல் நடக்கும். படம் முடிந்து வெளியே வரும் அம்மா, ஒலிப்பதிவு படிக்கும் மகளிடம் கேட்பார்: "இது யாரோட படம்மா?" மகள், இயக்கம் படிக்கும் தோழனின் பெயரைச் சொல்வாள். "அப்ப நீ அவனுக்கு ஹெல்ப் பண்ணியா?" என்பார் அம்மா. மகளும் "ஆமாம்மா" என்று சொல்லிவிடுவாள். கூட்டத்துக்கு நடுவே நின்று விளக்கக்கூடிய விஷயமில்லை அது.

இங்கே நிதானமாக விளக்கிப் பார்க்கலாம். அம்மா கேட்டதில் பிழையில்லை. வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் "ஹெல்ப்" என்ற அதே நினைப்பு பள்ளிக்கு உள்ளேயும் இருந்தால், மாணவர்கள் கட்டும் பணமும் செலவிடும் மூன்று வருடமும் பாதி வீணாகும். பல பள்ளிகளில் அப்படித்தான் ஆகிறது என்பது என் கவலை.

ஒரு திரைப்படப் பள்ளி எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் நாட்டில் இந்தப் படிப்பு முதலில் தொடங்கிய இடங்களில் சென்னையும் ஒன்று. 1945இலேயே இங்கே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடமாகிவிட்டன. பிற்பாடு அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட் என்று நாம் அழைத்தது அதைத்தான். 1960இல் புனேயில், மூடிப்போன பிரபாத் ஸ்டுடியோவின் வளாகத்தில், மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி வந்தது. 1995இல் கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் ஒன்று. கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்தின் தெக்குந்தலையில், 2014இல் கே. ஆர். நாராயணன் பெயரிலான நிறுவனம் தொடங்கியது. எங்கு போனாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். இயக்கமும் திரைக்கதையும் ஒரு பிரிவு. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, கலை இயக்கம், நடிப்பு என மற்றவை. ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர், தனி வகுப்பு. குறிப்பிட்ட கட்டங்களில் இந்தப் பிரிவுகளிலிருந்து ஆளுக்கொருவராகச் சேர்ந்து ஒரு படம் எடுக்க வேண்டும். முதலில் வசனமில்லாத சின்னப் பயிற்சி, பிறகு உரையாடல் பயிற்சி, கடைசியில் டிப்ளமோ படம்.

முக்கியமானது இதுதான். அந்தப் படம் இயக்கம் படிப்பவருக்கு மட்டுமான தேர்வு கிடையாது. ஒளிப்பதிவு மாணவருக்கு அவருடைய ஆசிரியர்கள் அதே படத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் அப்படியே. நான்கு பேர் ஒரே விடைத்தாளில் நான்கு தேர்வு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மகள் யாருக்கும் ஹெல்ப் பண்ணவில்லை. தன் தேர்வை எழுதினாள்.

2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில், மாணவர் படங்களுக்கான 'லா சினெஃப்' பிரிவில், புனே கல்லூரியின் 16 நிமிடக் கன்னடப் படம் ஒன்று முதல் பரிசு பெற்றது. ஊரில் ஒரு கிழவி சேவலைத் திருடிவிட, விடியலே இல்லாமல் போகும் நாட்டுப்புறக் கதை. இயக்கியவர் சிதானந்த நாயக். அந்தப் பெயர் பலருக்கு நினைவிருக்கும். ஒளிப்பதிவு சூரஜ் தாக்கூர், படத்தொகுப்பு மனோஜ் வி., ஒலி அபிஷேக் கதம் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தொலைக்காட்சிப் பிரிவின் ஓராண்டுப் படிப்பில், நான்கு துறை மாணவர்கள் ஆண்டு முடிவில் சேர்ந்து செய்ய வேண்டிய கூட்டுப் பயிற்சியாக எடுக்கப்பட்ட படம் அது. இரவிலேயே நடக்கும் கதை என்றால் ஒளிப்பதிவாளர் கதையில் பாதி. சேவல் கூவாத ஊர் என்றால் ஒலி மீதிப் பாதி. அதில் யார் யாருக்கு உதவினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

அதே வாரத்தில்தான் கொச்சிக்குப் பக்கத்தில், ஏலூரில், பெரியாற்றில் மீன்கள் செத்து மிதந்தன. ரசாயன ஆலைகள் வரிசையாக நிற்கும் தீவு ஏலூர். ஃபாக்ட் உரத் தொழிற்சாலை 1940களிலிருந்து அங்கே இருக்கிறது. மே 20 இரவு தொடங்கி டன் கணக்கில் மீன்கள் செத்தன. ஆற்றில் கூண்டு போட்டு மீன் வளர்த்தவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். செத்த மீன்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தின் முன்னால் கொண்டுவந்து கொட்டிப் போராட்டம் நடந்தது.

இதை ஒரு மாணவர் படமாக எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் கூட்டுவேலை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இயக்கம் படிப்பவர் ஒரு கதையோடு வருகிறார். கூண்டு மீன் வளர்த்த ஒருவர், அவர் மனைவி, பள்ளிக்குப் போகும் பெண். மீன் சாவதற்கு முன்னும் பின்னும் அந்த வீட்டில் நடப்பதுதான் படம். எழுதியதை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, "வர்ற பதினைஞ்சாம் தேதி ஷூட்டிங்" என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஒளிப்பதிவு மாணவர் லென்ஸ் பட்டியல் போடுவார், ஒலி மாணவி கருவிகளை எடுத்து வைப்பாள், படத்தொகுப்பு மாணவர் ஹார்ட் டிஸ்க் வரும்வரை காத்திருப்பார். படமும் முடியும். பார்க்கச் சுமாராகக் கூட இருக்கும்.

இன்னொரு விதமும் இருக்கிறது. எழுத ஆரம்பித்த முதல் வாரத்திலேயே நால்வரும் ஏலூருக்குப் போகிறார்கள். கேமரா இல்லை, கையில் ஒரு சின்ன ரெக்கார்டர் மட்டும். ஒலி மாணவி ஆற்றங்கரையில் அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்கிறாள். ஆலையின் இரைச்சல் விடாமல் கேட்கிறது. வாசலில் வைத்து எழுதப்பட்ட உரையாடல் காட்சியை இங்கே எடுத்தால், ஷாட்டுக்கு ஷாட் அந்த இரைச்சலின் அளவு மாறும். வெட்டி ஒட்டும்போது காதில் குதிக்கும். டப்பிங்கில் சரிசெய்யலாம். ஆனால் அவள் வேறொன்று சொல்கிறாள்: "இதை ஏன் மறைக்கணும்? மீன் செத்த அன்னைக்கும் இந்தச் சத்தம் நிக்கலையே." அந்த ஒரு வாக்கியத்தில் கதை நகர்கிறது. கதவைச் சாத்தினாலும் அடங்காத இரைச்சல் அந்த வீட்டின் நான்காவது ஆளாகிறது. இயக்கம் படிப்பவர் இரண்டு பக்க வசனத்தை அடித்துவிடுகிறார்.

ஒளிப்பதிவு மாணவருக்கு வேறு கவலை. அது மழைக்கு முந்தைய மாதம். மேகம் வந்து வந்து போகும். மூன்று மணி நேரம் வெளியில் எடுத்த காட்சியில் வெளிச்சம் ஒட்டாது. வீட்டுக்குள் எடுப்போம், ஜன்னல் வழியாக ஆற்றைக் காட்டுவோம் என்கிறார். அது ஒலி மாணவி சொன்னதோடு தானாகப் பொருந்துகிறது. படத்தொகுப்பு மாணவர் திரைக்கதையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் நான்கு காட்சிகளும் மீன் சாவதற்கு முன்னால் நடப்பவை, பார்ப்பவருக்கு அது வெறும் முன்கதை என்கிறார். செத்த பிறகு தொடங்கு என்கிறார். கூடவே ஒரு ஷாட் கேட்கிறார்: காலிக் கூண்டு, தண்ணீர் மட்டும் அசைகிறது, ஒரு நிமிடம் வெட்டாமல். இப்போது எதற்கு என்று தெரியாது, ஆனால் எடிட்டில் வேண்டியிருக்கும் என்கிறார். படப்பிடிப்பு முடிந்த பிறகு அவரைக் கூப்பிட்டிருந்தால் அந்த ஷாட் இருந்திருக்காது.

பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். அந்த வாரம் ஏலூரில் இருந்தவர்கள் முதலில் சொல்வது நாற்றத்தைத்தான். நாற்றத்தை எப்படிப் படம் எடுப்பது? இயக்கம் மட்டும் யோசித்தால், "என்ன நாத்தம்" என்று ஒருவரைப் பேசவைக்கும். ஒளிப்பதிவு மட்டும் யோசித்தால், மிதக்கும் மீன்களை நெருக்கத்தில் காட்டும். நால்வரும் ஐந்தாவதாக ஒரு நடிப்பு மாணவியும் சேர்ந்து உட்கார்ந்தால் வேறு வழி பிறக்கும். முதல் இரண்டு நிமிடம் மீனையே காட்ட வேண்டாம். ஜன்னலைச் சாத்தும் கை. சோற்றுத் தட்டின் முன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்காரும் சிறுமி. ஈக்களின் சத்தம், மிக அருகில். அந்தச் சிறுமி எப்போது மூச்சை விடுவாள் என்று பார்ப்பவர் காத்திருக்கும் அளவுக்கு நீளமான ஷாட். அவள் மூச்சுவிடும் நொடியில் வெட்டு. நடிப்பு, ஒலி, சட்டகம், வெட்டு என நான்கும் ஒரே நொடியில் சந்திக்கும்போதுதான் அரங்கில் இருப்பவரின் கை மூக்குக்குப் போகும்.

இதைத்தான் கூட்டுவேலை என்கிறோம். ஒரு துறையால் தீர்க்க முடியாத ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு எல்லோரும் அதைச் சுற்றி உட்காருவது. வேலையைப் பங்குபோட்டுக்கொள்வது அதற்கு அப்புறம் வருவது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். எல்லோரும் எல்லாவற்றிலும் கருத்துச் சொன்னால் படம் என்ன ஆகும்? கை தூக்கி ஓட்டெடுக்க முடியுமா? முடியாது, கூடாது. கதை எங்கே போக வேண்டும் என்பதில் இயக்குநரின் சொல்லே கடைசிச் சொல். காலிக் கூண்டு ஷாட்டைக் கேட்க எடிட்டருக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று சொல்ல இயக்குநருக்கும் உண்டு. ஆனால் வேண்டாம் என்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் இயக்கம் படிப்பவர் கற்றுக்கொள்ளும் மிகக் கடினமான பாடம் அந்தக் காரணம் சொல்லும் பழக்கம்தான் என்று நினைக்கிறேன்.

பாலு மகேந்திராவை உதாரணம் காட்டி மறுப்பவர்கள் உண்டு. மட்டக்களப்புக்குப் பக்கத்து அமிர்தகழியிலிருந்து புனே சென்று ஒளிப்பதிவு படித்தவர். 'வீடு' படத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் அவரே. ஒருவரே எல்லாம் செய்து அப்படியொரு படம் வரும்போது கூட்டுவேலை எதற்கு? நியாயமான கேள்வி. 'வீடு' 1988இல் வந்தது. அவர் பள்ளியை விட்டு வந்து ஏறத்தாழ இருபது வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் பல மொழிகளில் மற்றவர்களுடைய படங்களுக்குக் கேமரா பிடித்திருந்தார். மற்றவர் மனத்தில் இருக்கும் படத்தை எடுத்துக் கொடுத்துப் பழகிய கை அது. இருபத்திரண்டு வயதில் எல்லாவற்றையும் தானே செய்ய நினைப்பது அந்த இருபது வருடத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பது.

கூட்டுவேலை நட்பால் தானாக வந்துவிடும் என்று பள்ளிகள் விட்டுவிடுவதும் தவறு. 1970களின் நடுவில், கிரிஷ் கர்னாட் புனே கல்லூரியின் இயக்குநராக இருந்தபோது, நடிப்புப் பிரிவு மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் நசீருதீன் ஷாவும் ஒருவர். இயக்கம் படிப்பவர்கள் தங்கள் படங்களில் எங்களை நடிக்க வைப்பதில்லை என்பது அவர்கள் குறை. எங்களுக்குப் பொருத்தமானவரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எங்களுக்கு வேண்டும் என்பது இவர்கள் பதில். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே வளாகத்தில் இரண்டு வருடம் இருந்தும் ஒரு நடிகருக்குத் தன் தேர்வை எழுத ஒரு படம் கிடைக்காது என்றால், அந்தப் பாடத்திட்டத்தில் ஓட்டை இருக்கிறது. சண்டை மாணவர்களுக்குள் நடந்தாலும் அதைத் தீர்க்க வேண்டியது கால அட்டவணை. நடிப்புப் பிரிவு அந்தப் பத்தாண்டிலேயே மூடப்பட்டு, 2004இல்தான் மீண்டும் திறந்தது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகும் ஷியாம் பெனகலிடம் 'நிஷாந்த்' படத்துக்கு நசீருதீன் ஷாவின் பெயரைச் சொன்னவர் கர்னாட்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அது அவருடைய பெருந்தன்மை.

இன்னொரு ஓட்டை நேரம். நான்கு பேர் ஒரே விடைத்தாளில் எழுதினால், ஒருவர் தாமதித்தாலும் நால்வரும் நிற்பார்கள். ஸ்டுடியோ கிடைக்கவில்லை, கேமரா பழுது, ஒருவருக்கு உடம்பு சரியில்லை, எதுவாக இருந்தாலும் அப்படித்தான். 2008இல் புனேயில் சேர்ந்தவர்களின் டிப்ளமோ படங்கள் 2015இலும் முடியாமல் கிடந்தன. தலைவர் நியமனத்தை எதிர்த்து அந்த ஆண்டு ஜூன் முதல் அக்டோபர்வரை மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் நடுவே, ஆகஸ்டில், முடிந்தவரை இருப்பதை வைத்து அந்தப் படங்களை மதிப்பிடலாம் என்று நிர்வாகம் எடுத்த முடிவு, மாணவர்கள் நிறுவன இயக்குநரை அவர் அறையிலேயே முற்றுகையிடுவதில் போய் நின்றது. கூட்டுப் படத்துக்குப் பாடத்திட்டத்தில் இடம் கொடுத்துவிட்டு, அதற்கான ஆட்களையும் நாட்களையும் கொடுக்காவிட்டால் இதுதான் நடக்கும். அந்தப் போராட்டத்தின் நடுவிலிருந்தும் கூட்டுவேலை வளர்ந்தது என்பது வேறு கதை. அப்போது அங்கே படித்த பாயல் கபாடியாவும் ரணபீர் தாஸும் பிறகு சேர்ந்து எடுத்த படம் 2024 கான் விழாவில் கிராண்ட் பிரீ வாங்கியது. பெரும்பகுதி மலையாளம் பேசும் படம் அது.

கொச்சியில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜான் ஆபிரகாமின் 'அம்மா அறியான்' 1986இல் வந்தது. வயநாட்டிலிருந்து கொச்சி வரைக்குமான பயணம் அந்தப் படம். இறந்த நண்பனின் தாயிடம் செய்தி சொல்லப் போகும் இளைஞர்களின் கூட்டம் வழியெல்லாம் பெருகிக்கொண்டே வருகிறது. 'ஒடேசா' அமைப்பினர் ஊர் ஊராகச் சாப்ளின் படம் திரையிட்டு, மக்களிடம் காசு திரட்டி எடுத்தார்கள். ஜான் புனேயில் படித்தவர். ஒளிப்பதிவு செய்த வேணு, படத்தொகுப்புச் செய்த பீனா பால், ஒலி செய்த கிருஷ்ணனுண்ணி எல்லோரும் அதே கல்லூரியில் வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு பிரிவுகளில் படித்தவர்கள். தேசிய விருதில் வேணுவின் ஒளிப்பதிவுக்குப் பரிசு கிடைத்தது. காசில்லாத ஒரு படத்துக்கு அவ்வளவு தேர்ந்த கைகள் சேர்ந்தது, ஒரே வளாகத்தில் பழகிய மொழி இருந்ததால்தான்.

அடுத்த தலைமுறையில் ராஜீவ் ரவி. புனேயில் ஒளிப்பதிவு படித்தவர். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, வைப்பின் தெருக்களில் நடக்கும் 'அன்னயும் ரசூலும்' படத்தை 2013இல் இயக்கியபோது, கேமராவை மது நீலகண்டனிடம் கொடுத்தார். படத்தொகுப்பு பி. அஜித்குமார். மூவரும் புனேக்காரர்கள், கொச்சியில் 'கலெக்டிவ் ஃபேஸ் ஒன்' என்ற குழுவாகச் சேர்ந்து வேலை செய்பவர்கள். கேமரா தெரிந்த ஒருவர் கேமராவை இன்னொருவரிடம் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. மூன்று வருடம் ஒருவரோடு ஒருவர் சண்டைபோட்டுப் படம் எடுத்தவர்களால்தான் அந்த நம்பிக்கையைக் கொடுக்க முடியும். 2016இல் 'கம்மட்டிப்பாடம்' அதே மூவர்.

தமிழில் 1986 ஆகஸ்ட் 15 அன்று வந்த 'ஊமை விழிகள்' எல்லோருக்கும் நினைவிருக்கும். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த படம் என்றே அது பேசப்பட்டது. ஒரு தனி ஆளின் படம் என்று யாரும் சொல்லவில்லை. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்க, ரமேஷ்குமார் ஒளிப்பதிவு செய்ய, கல்லூரியில் உருவான ஒரு குழு அப்படியே திரையரங்குக்கு வந்தது. அடையாறு அன்று கொடுத்த பெரிய சொத்து அந்தக் குழு.

இன்று கொச்சியிலும் சென்னையிலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று திரைப்படப் படிப்புகள் பெருகியிருக்கின்றன. சிலவற்றில் இயக்கம் மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேமராவுக்கும் ஒலிக்கும் வெளியிலிருந்து கூலிக்கு ஆள் வருகிறார். அங்கே படிக்கும் பிள்ளைக்கு, "வேண்டாம், இந்த ஷாட் தப்பு" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு சக மாணவர் இல்லை. கூலிக்கு வந்தவர் சொல்ல மாட்டார். அந்த இழப்பு விளம்பரத் தாளில் தெரியாது.

உங்கள் மகனையோ மகளையோ திரைப்படப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், கட்டணத்தைக் கேட்டுவிட்டு இதையும் கேளுங்கள். வெவ்வேறு பிரிவு மாணவர்கள் சேர்ந்து டிப்ளமோவுக்கு முன் எத்தனை படம் எடுப்பார்கள்? ஒலியும் படத்தொகுப்பும் படிப்பவர்கள் கதை எழுதும்போதே உட்காருவார்களா, ஷூட்டிங் முடிந்த பிறகு வருவார்களா? ஒருவர் தாமதமானால் மற்ற மூவரின் தேர்வு என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்ல முடியாத பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். சேர்த்த பிறகு, படம் திரையிடும் அன்று, வெளியே வரும் மகளிடம் "உன் படம் எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள்.